ஏதாவது ஒரு கட்டுரை

விக்கிப்பீடியாவின் பக்கப்பட்டியலில் 'ஏதாவது ஒரு கட்டுரை' என்று ஓர் இணைப்பு இருக்கிறது. தொட்டால், நீங்கள் கேட்காத ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும். தமிழ்ப் பதிப்பில் தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்று வரலாம், ஒரு பறவை வரலாம், ஒரு வேதிச்சேர்மம் வரலாம். ஆங்கிலப் பதிப்பில் கட்டுரைகள் எழுபது இலட்சம் அளவில்; அங்கே என்ன வரும் என்று சொல்லவே ஏலாது. இரவுச் சாப்பாடு முடிந்து, காலி வீதியில் பஸ் சத்தம் அடங்கின பிறகு நான் செய்கிற வேலை இதுதான். வீட்டில் மற்றவர்கள் தொலைக்காட்சி நாடகம் பார்ப்பார்கள், நான் இதைப் பார்ப்பேன்.

முதலில் வருகிற கட்டுரை எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அதற்குள் இருக்கிற நீல இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போகிற போக்குத்தான் ருசி. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் இணைப்பையே தொட்டுக்கொண்டு போனால், பெரும்பாலும் கடைசியில் 'மெய்யியல்' கட்டுரைக்குப் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நான் மனம் போன இணைப்பைத் தொடுகிறவன், ஆகவே நான் போய்ச் சேருகிற இடம் வேறு. எங்கே தொடங்கினாலும் கொழும்புக்கு வந்துவிடுகிறேன். அதிலும் ஒன்றில் வெள்ளவத்தை, இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனை.

ஒருநாள் ஹார்ட்டில்பூல் வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். அந்தத் துறைமுகத்தில் ஒரு பழைய பாய்மரப் போர்க்கப்பல் நிற்கிறது, பெயர் 'டிரிங்கோமலி'. எங்கள் திருகோணமலைதான். 1817 ஒக்டோபர் 12 அன்று பம்பாயில் கடலில் இறக்கிய கப்பல். கட்டியவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிவந்த வாடியா என்ற பார்சிக் குடும்பத்தினர்; மரம் மலபார்த் தேக்கு. பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இன்றைக்கும் தண்ணீரில் மிதக்கிற மிகப் பழையது இதுதான். நெல்சனின் 'விக்டரி' இதைவிட மூத்தது, ஆனால் அது போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. டிரிங்கோமலியின் வரைபடங்களை முதலில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'ஜாவா' என்ற கப்பலை 1812 டிசெம்பரில் அமெரிக்கர்கள் பிரேசிலுக்கு அப்பால் அடித்து அழித்தார்கள். வரைபடங்களைத் திரும்ப அனுப்ப வேண்டி வந்தது. முதற் பயணத்தில், 1819 ஜனவரியில், செயின்ற் ஹெலினாத் தீவில் நின்று, அங்கே சிறையிருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்ரோக்கோ என்ற வைத்தியரையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து போயிருக்கிறது.

பிரித்தானியக் கடற்படை ஏன் பம்பாயில் போய்க் கப்பல் கட்டியது? நெப்போலியனோடு நடந்த யுத்தங்களில் அவர்களுடைய ஓக் மரங்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. விக்டரிக்கு மட்டும் ஏறக்குறைய 6000 மரம் வெட்டியிருக்கிறார்கள். இந்த நாள் வரும் என்று முன்னமே கவலைப்பட்டவர் அட்மிரல் கொலிங்வுட். ஊரில் நிற்கிற நாட்களில் சட்டைப்பை நிறைய ஓக் விதைகளோடு நடக்கப்போவாராம். நல்ல நிலம் கண்ட இடத்தில் ஒன்றைப் புதைப்பாராம். 1805 ஒக்டோபர் 21, திராபல்கர்ச் சண்டையில் எதிரி வரிசைக்குள் முதலில் புகுந்தது அவருடைய கப்பல். நெல்சன் விழுந்ததும் தலைமையை ஏற்றவரும் அவரே. அதன்பின் வீடு திரும்பாமலே 1810 இல் கடலில் இறந்துபோனார். புதைத்த விதைகள் கப்பலுக்கு ஆகும் மரமாக நூறு வருடம் வேண்டும், அதற்குள் கப்பல்கள் இரும்பாகிவிட்டன.

கொலிங்வுட் பிளேஸ் வெள்ளவத்தையில் இருக்கிறது. நெல்சன் பிளேஸும் இருக்கிறது. ரியூசன் வகுப்புக்கும் மரக்கறிக்கடைக்கும் போய்வருகிற ஒழுங்கைகள். அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போது இப்போது விதை புதைக்கிற ஒரு கிழவர் ஞாபகத்துக்கு வருகிறார். எனக்கு இது பெரிய வரவு.

கொழும்பு என்று ஆங்கிலத்தில் தேடினால் கூடவே வந்து நிற்கிற இன்னொருவர் இருக்கிறார்: அமெரிக்கத் தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போ. கசங்கின மழைச்சட்டையோடு பீற்றர் போக் நடித்த தொடர். அந்தக் கட்டுரைக்குள் ஒரு வழக்கு இருக்கிறது; பொது அறிவுத் துணுக்குகளில் விருப்பமுள்ள எல்லோருக்கும் அதைச் சொல்லவேண்டும். பிரெட் வேர்த் என்பவர் 1974 இல் துணுக்குகளுக்கென்றே ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டார். கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று அதில் ஒரு வரி. தொடரில் அப்படி ஒரு பெயரே கிடையாது. தன் புத்தகத்தை யாரும் களவாகப் பிரதி பண்ணினால் பிடிபடட்டும் என்று அவரே வேண்டுமென்று போட்டுவைத்த பொய் அது. பிறகு கனடாவில் 'திரிவியல் பெர்சூட்' என்ற கேள்வி பதில் விளையாட்டு பிறந்து, உலகமெல்லாம் விற்பனையாகி, அதன் அட்டைகளில் ஒன்றில் இந்த பிலிப் அப்படியே வந்து உட்கார்ந்தார். வேர்த் 1984 இல் 30 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டுக்காரர்கள் அவருடைய புத்தகத்தைப் பாவித்ததை மறுக்கவில்லை. பல புத்தகங்களைப் பார்த்தோம், இதுவும் ஒன்று என்றார்கள். வேர்த் தோற்றார், மேன்முறையீட்டிலும் தோற்றார். உண்மைத் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது நீதிமன்றத்தின் நிலை. தகவலை ஒருவர் உருவாக்குவதில்லை, கண்டெடுக்கிறார், அவ்வளவுதான் என்று சட்டம் பார்க்கிறது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் சந்தோசம். விக்கிப்பீடியா போன்ற ஒன்று இருக்க முடிவதே இதனால்தான். ஒருவர் வருடக்கணக்காகத் தேடிச் சேர்த்த தகவலை இன்னொருவர் தன் சொந்த வசனத்தில் எழுதலாம், மொழிமாற்றலாம், திருத்தலாம். கண்டெடுத்தவர் பெயரைச் சொல்லவேண்டியது சட்டம் அல்ல, எங்கள் மரியாதை.

இந்த 'ஏதாவது ஒரு கட்டுரை' எப்படி வேலை செய்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். ஒரு கட்டுரை முதன்முதல் சேமிக்கப்படும்போதே மென்பொருள் அதற்கு 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எழுமாற்று எண்ணைக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் இணைப்பைத் தொடும்போது புதிதாக ஓர் எழுமாற்று எண் பிறக்கிறது. அந்த எண்ணுக்கு அடுத்து மேலே கிட்ட இருக்கிற எண் எந்தக் கட்டுரைக்கு உரியதோ, அது உங்களிடம் வருகிறது. ஆகவே எல்லாக் கட்டுரைக்கும் சம வாய்ப்பு இல்லை. தனக்கு முந்திய எண்ணுக்கும் தனக்கும் இடையில் பெரிய இடைவெளி உள்ள கட்டுரை கூடத் தரம் வரும். நெடுநேரம் வராமல் கிடந்து வருகிற பஸ்ஸில்தான் கூடச் சனம் ஏறும், அதே கணக்கு. பிறக்கும்போது கிடைத்த எண்ணோடு அந்தக் கட்டுரை கடைசிவரை இருக்கிறது.

இதில் நான் கவனித்த முக்கியமான விசயம் வேறு. எழுதப்படாத கட்டுரைக்கு எண்ணே இல்லை. எவ்வளவுதான் தொட்டாலும் அது வராது. தமிழ்நாட்டு ஊராட்சிகள் ஏன் வந்துகொண்டே இருக்கின்றன என்றால், அவற்றின் தரவுகளைத் திரட்டி ஆயிரக்கணக்கில் கட்டுரை ஆக்கின ஆட்கள் இருந்தார்கள். கொழும்பின் ஒழுங்கைகளுக்கு அப்படி ஒருவர் அகப்பட்டால் அவையும் வரும்.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன். என் அம்மம்மா வீடு அங்கேதான். லூசியாள் பேராலயத்துக்குப் போகும்போது தீபதுத்தாராமய விகாரையின் தாதுகோபத்தைச் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். மற்ற விகாரைகளில் உள்ளதுபோல் இல்லாமல், கூரிய முனையோடு வேறொரு சாடையில் நிற்கும். ஏன் அப்படி என்று யாரும் சொன்னதில்லை.

பதில் உத்தரப் பிரதேசத்தில் இருந்து வந்தது. எழுமாற்றாக வந்த கட்டுரை பிப்ரவா, நேபாள எல்லைக்குக் கிட்ட ஒரு கிராமம். 1898 ஜனவரியில் வில்லியம் பெப்பே என்ற ஆங்கிலேய நிலச்சுவான்தார் தன் காணியில் இருந்த மேடு ஒன்றை வெட்டி, உள்ளே ஒரு பெரிய கற்பெட்டியைக் கண்டெடுத்தார். அதற்குள் சிறு பேழைகள், எலும்புத் துண்டுகள், நூற்றுக்கணக்கான மணிகளும் பொன்தகடுகளும். ஒரு பேழையில் இது புத்தரின் தாது என்று பொருள்படும் எழுத்து. செய்தி கேட்டு உடனே அங்கே போய்ச் சேர்ந்த ஒரு பிக்கு, எலும்புத் தாதுக்களை உலகில் எஞ்சியிருந்த பௌத்த அரசரான சியாம் மன்னர் சுலாலோங்கோர்னுக்கே கொடுக்கவேண்டும் என்று ஆங்கில அரசுக்கு யோசனை சொன்னார். 1899 இல் அப்படியே நடந்தது. மன்னர் அதில் ஒரு பகுதியை இலங்கைக்கும் பர்மாவுக்கும் பகிர்ந்து கொடுத்தார்.

அந்தப் பிக்குவின் பெயர் ஜினவரவம்ச. துறவுக்கு முன் அவர் பெயர் பிரிஸ்டாங். சியாமின் இளவரசர், மூன்றாம் ராமா மன்னரின் பேரன். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியல் படித்தவர், ஐரோப்பாவில் சியாமின் முதலாவது நிரந்தரத் தூதுவர். 1885 இல் அவரும் சில இளவரசர்களும் அதிகாரிகளும் சேர்ந்து, ஆட்சிமுறையைச் சீர்திருத்தி அரசியலமைப்பு ஒன்று கொண்டுவரவேண்டும் என்று மன்னருக்கு மனு எழுதினார்கள். அதன்பிறகு அவருக்கு மன்னரின் தயவு மெல்ல மெல்லக் கைவிட்டுப் போனது. தபால், தந்தித் துறைக்குத் தலைவராக இருந்தார், பிறகு நாட்டைவிட்டே போனார், மலாயாவில் வேலை பார்த்தார். 1896 இல் இலங்கைக்கு வந்து காவி உடுத்தார். கடைசியில் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமயவின் விகாராதிபதி ஆனார். அந்தக் கூரிய முனைத் தாதுகோபம் அவருடைய காலத்தது, சியாம் முறையில் கட்டியது.

யோசித்துப் பாருங்கோ. ஐரோப்பிய அரசவைகளில் நின்ற ஒருவர், துறைமுகக் கூலிகளும் செட்டிகளும் பறங்கிகளும் மலையாளிகளும் நெருங்கி வாழ்ந்த கொட்டாஞ்சேனையில் வருடக்கணக்காக இருந்திருக்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார். சுலாலோங்கோர்ன் 1910 இல் காலமான பிறகுதான், 1911 இல், அவரால் ஊர் திரும்ப முடிந்தது. அங்கே காவியைக் களையவேண்டி வந்தது. 1935 வரை இருந்தார். அவருடைய வாழ்க்கையைத் தமரா லூஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2016 இல் முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார். பிப்ரவாவும் பழைய கதையாக முடிந்துவிடவில்லை. பெப்பே குடும்பத்திடம் இருந்த மணிகளை 2025 மே மாதம் ஹொங்கொங்கில் ஏலம் போடப்போய், பெரிய எதிர்ப்பு வந்து ஏலம் நின்றது. ஜூலையில் கோத்ரெஜ் நிறுவனம் அவற்றை வாங்கி இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. செய்தியில் நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தச் செய்தியின் ஒரு முனை கொட்டாஞ்சேனையில் இருக்கிறது.

இதே விகாரையில் இளவரசருக்கு முன் இருந்தவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், 1873 பாணந்துறை விவாதத்தில் பாதிரிமாரோடு வாதாடியவர். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று, இந்த விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் ஒன்று கொட்டாஞ்சேனையில் தாக்கப்பட்டது. கலவரம் செய்தவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்ற குறையோடு, பௌத்தர்களுக்காக நின்ற அமெரிக்கர் ஒல்கொட் 1884 இல் இலண்டனுக்குப் போனார். அதன் பயனாக 1885 இல் வெசாக் பௌர்ணமி விடுமுறை நாளானது. அந்த ஏப்ரல் 28 அன்று புதிய பௌத்தக் கொடியை இங்கேதான் ஏற்றினார்கள். இன்று யப்பானில் இருந்து கலிபோர்னியா வரை பறக்கிற ஆறு பட்டைக் கொடி அது. நான் இதைத் துணுக்கு என்று ரசித்துவிட்டு நகர முடியாதவன். 1883 என்று வாசிக்கும்போதே சரியாக நூறு வருடம் கழித்து வந்த மற்ற 83 முன்னால் வந்து நிற்கும். அந்த ஜூலைக் கலவரத்தைப் பற்றி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

எங்கள் ஒழுங்கையில் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்த ஒரு ஐயா இருக்கிறார். நான் இப்படி எதையாவது கொண்டுபோய்ச் சொன்னால் அவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தம்பி, உதுக்கு ஆதாரம் என்ன?" விக்கிப்பீடியா என்று சொன்னால், "அது எழுதினவை எதைப் பார்த்து எழுதினவை?" என்பார். அவர் கேட்பது முழுக்க நியாயம். பிச்சோலிம் மோதல் என்ற கட்டுரையின் கதையை வாசித்தால் உங்களுக்கும் விளங்கும். கோவாவில் 1640, 41 இல் போர்த்துக்கேயருக்கும் மராட்டியருக்கும் நடந்த யுத்தம் என்று 2007 இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். நீளமான கட்டுரை, கீழே ஒழுங்காக நூற்பட்டியல். 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கழித்து ஒருவர் அந்த நூல்களைத் தேடிப்போனார். அப்படி நூல்களே இல்லை. யுத்தமும் இல்லை. 2012 டிசெம்பரில் கட்டுரையை நீக்கினார்கள். வேர்த் போட்ட பொய்யாவது கள்ளனைப் பிடிக்க வைத்த பொறி. இது எதற்காக என்று யாருக்கும் தெரியாது. அந்த நூற்பட்டியலை ஒருவர் மெய்யாகத் தேடிப் போனதுதான் என்னைத் தொட்டது. சும்மா இருந்திருந்தால் அந்த யுத்தம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும்.

தேடிப்போனால் நல்லதும் அகப்படும். ஆனந்த குமாரசுவாமி என்றால் எங்களுக்குக் கலை, நடராசர் தாண்டவம், போஸ்ரன் அருங்காட்சியகம். ஆனால் 'தோரியனைட்' என்ற கனிமத்தின் கட்டுரையில் அவர் பெயர் நிற்கிறது. அவர் படித்தது நிலவியலும் தாவரவியலும். இலங்கைக் கனிம ஆய்வுத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்தபோது 1904 இல் இந்தக் கறுப்புக் கனிமத்தைக் கண்டெடுத்தார். யுரேனியக் கனிமம் ஒன்று என்று முதலில் நினைத்ததை இலண்டனில் டன்ஸ்ரன் என்ற வேதியியலாளர் பரிசோதித்து, புதிய கனிமம் என்று உறுதிப்படுத்தினார். மலையும் ஆறும் அளந்து திரிந்த அந்த வேலைதான் அவரைச் சிங்களக் கிராமத்துக் கைவினைஞர்களிடம் கொண்டுபோய் விட்டது. 1908 இல் வந்த பெரிய நூல் அதன் விளைவு. இவருடைய தகப்பனார் சேர் முத்துக்குமாரசுவாமியின் மருமகன்தான் சேர் பொன்னம்பலம் இராமநாதன், கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் திரும்பக் கட்டியவர். அந்தக் கோயில் தூணைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது இந்தக் குடும்பமே கல்லோடு பழகின குடும்பம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி ஊர்த்தகவல்களை ஒழுங்காகச் சேர்த்து எழுதுகிற பழக்கம் கணினியோடு வந்தது இல்லை. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் வெளியிட்டார். எந்த ஊரில் எவ்வளவு சனம், என்ன பயிர், எந்தக் கோயில் என்று எழுதினபோது அவருக்கு வயது இருபத்தேழு. 1859 இல் தமிழ்ப் புலவர்கள் ஏறக்குறைய இருநூறு பேரின் வரலாற்றையும் தொகுத்தார். 1902 இல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதானகோசம்' வெளியிட்டார். தமிழில் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்க முதல் நூல் அது; சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது 1910 இல். இரண்டும் ஒருவர் தனியே உட்கார்ந்து செய்த வேலைகள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கினபோதும் கதை ஏறக்குறைய அப்படித்தான். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வளைகுடா நாட்டுக்குப் போனவர், வேலை முடிந்த நேரங்களில் எழுதினார். தொடக்ககாலத்தில் பெரும்பாலும் தனியாள். பிறகு இலங்கை, தமிழ்நாடு, கனடா, அவுஸ்திரேலியா என்று ஆட்கள் சேர்ந்தார்கள். இன்று கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிவிட்டன. 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தபோது, ஒரு எழுத்தாளருக்குக் கொடுப்பதைவிட எனக்கு அது பெரிதாகப் பட்டது. 2005 இல் தொடங்கின நூலகம் எண்ணிம நூலகத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 புத்தகம் போன சமூகம், பழைய சஞ்சிகைகளையும் கோயில் மலர்களையும் மரண அறிவித்தல் நினைவு நூல்களையும்கூடப் பக்கம் பக்கமாக ஸ்கான் பண்ணி வைக்கிறது. ஐயா கேட்கிற ஆதாரத்துக்கு நான் முதலில் தேடுவது அங்கேதான். அங்கே இல்லாவிட்டால் 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு நடந்து போவேன். 1942 இல் தொடங்கின சங்கம், வெள்ளவத்தையில் மழைக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இவ்வளவும் எழுதினதுக்குக் காரணம் ஹவ்லொக் சிற்றி. அந்த உயரமான தொடர்மாடிகள் நிற்கிற வளவு முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. சனம் 'மில்' என்றுதான் சொல்லும். ஒரு காலத்தில் இலங்கையின் மிகப் பெரிய துணி ஆலை அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், அவர்களில் கூடுதலானவர்கள் இந்தியாவில் இருந்து வந்த மலையாளிகள். 1933 இல் சம்பளக் குறைப்பை எதிர்த்து அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்தக் காலத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். இலண்டனில் படித்துத் திரும்பிய இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்று, புதிய சங்கத்துக்குத் தலைவரானார். இரண்டு வருடம் கழித்து, 1935 டிசெம்பர் 18 அன்று, இலங்கையின் முதல் மார்க்சியக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியபோது முதல் தலைவரும் அவரே. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, இது நாட்டை இரண்டாக்கும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவர். 1972 இல் சிங்களத்தை அரசியலமைப்புக்குள்ளேயே ஏற்றி வைத்த அமைச்சரும் அவர்தான். ஒரு மில் வாசலில் தொடங்கின பாதை அங்கே போய் முடிந்ததை எனக்கு இன்றும் சீரணிக்க முடியவில்லை.

கொல்வினைப் பற்றியும் கட்சியைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். மில்லில் நெய்தவர்களைப் பற்றி? அவர்கள் எந்த ஒழுங்கையில் குடியிருந்தார்கள், எந்தக் கடையில் சாப்பிட்டார்கள், யார் ஊர் திரும்பினார்கள், யார் இங்கேயே கலியாணம் கட்டி இருந்துவிட்டார்கள்? மில்லைப் பற்றித் தமிழில் முழுமையாக ஒரு கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கிறேன். புத்தகங்களில் வேலைநிறுத்தம் கிடைக்கிறது, தொழிலாளி கிடைக்கவில்லை.

ஆகவே வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனைப் பக்கத்துப் பழைய குடும்பங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் மில் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, சங்கத் துண்டுப்பிரசுரம், தறிக்கூடப் படம், ஏதாவது இருந்தால் சொல்லுங்கோ. நானே வந்து, உங்கள் முன்னாலேயே ஸ்கான் பண்ணிவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தருவேன். மில்லில் வேலை பார்த்த தாத்தா, அப்பா, மாமா, அத்தை யாராவது கதைக்கக்கூடிய நிலையில் இருந்தால், அவர்களோடு ஒரு மணித்தியாலம் இருக்க விடுங்கோ. மலையாளத்தில் கதைத்தாலும் பரவாயில்லை, மொழிபெயர்க்க ஒரு சேச்சி ஒத்துக்கொண்டிருக்கிறா. ஞாயிறு பின்னேரங்களில் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருப்பேன்.